நானுக்கு வேணாம்!

இன்னிக்கு கொஞ்சம் நீளமா ஒரு வரலாறு. ராஜா, கோட்டை, போர் எல்லாம் கிடையாது. "எனக்கு" அப்படீங்கிற ஒரே ஒரு சொல்லோட வரலாறு. கூடவே இங்கிலீஷ்காரன் "டு மீ", "வித் மீ"ன்னு சொல்றானே, அதோட வரலாறும் கொஞ்சம்.

ஆரம்பிச்சு வச்சது என் பொண்ணு. அவளுக்கு அப்ப அஞ்சு வயசு. அம்பாசமுத்திரத்துலேர்ந்து எங்கம்மா பெங்களூருக்கு வந்திருந்தாங்க. ராத்திரி பேத்தி தட்டுல இன்னொரு தோசையை வைக்கப் போனாங்க.

"நானுக்கு வேணாம் ஆச்சி."

"ஏட்டி, அதென்ன நானுக்கு? எனக்குன்னு சொல்லுட்டி."

"ஏன் ஆச்சி? அவனுக்கு, அவளுக்கு, நானுக்கு. கரெக்ட்தானே?"

ஆச்சி என்னைப் பார்த்தாங்க. நான் தங்கமணியைப் பார்த்தேன். தங்கமணி தோசைக்கல்லைப் பார்த்தாங்க. அந்தக் கேள்விக்கு எங்க மூணு பேர்கிட்டயும் பதில் இல்ல. அவன் + கு அவனுக்குன்னா, நான் + கு ஏன் நானுக்கு இல்ல? அந்த "எ" எங்கேர்ந்து வந்துச்சு?

சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா அன்னிக்கு ராத்திரி பால்கனியில அம்மா தனியா வந்து சொன்னாங்க. "எய்யா, பிள்ளை பேசுதது எனக்குப் பாதி வெளங்க மாட்டேங்கு. நான் பேசுதது அதுக்கு வெளங்க மாட்டேங்கு. நான் ஊருக்குப் போறேன்." ஒரு மாசம் இருக்கலாம்னு வந்தவங்க, ஒன்பதாம் நாள் கிளம்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல என் கதையையும் சொல்லிடறேன், ஏன்னா இது எனக்கும் பழைய புண்ணு. 2003ல மடிவாளாவுல பஸ்ஸை விட்டு இறங்கி வேலைக்குச் சேர்ந்தவன் நான். பேர் வேண்டாம், ஒரு கம்பெனி. முதல் கான்ஃபரன்ஸ் கால்லயே "ஹி டோல்டு டு மீ"ன்னேன். அப்புறம் "ஐ ஆஸ்க்டு ஃப்ரம் ஹிம்". அப்புறம் "வீ டிஸ்கஸ்டு அபௌட் இட்". பக்கத்துல இருந்தவன் மியூட் பட்டனை அமுக்கிட்டு சிரிச்சான். அடுத்த வாரமே "கம்யூனிகேஷன் டிரெய்னிங்"ல உட்கார வச்சுட்டாங்க. டிரெய்னர் போர்டுல பெருசா மூணு எழுத்து எழுதினாங்க: எம்.டி.ஐ. அதாவது தாய்மொழித் தாக்கம். அந்தக் காலத்துல பெங்களூர் கால் சென்டர், ஐ.டி. வட்டாரத்துல இருந்தவங்களுக்கு இது நல்லாத் தெரியும். டெங்கு, மலேரியா மாதிரி அதை ஒரு நோயாத்தான் சொல்லுவாங்க. "ஹிஸ் எம்.டி.ஐ. இஸ் வெரி ஹை."

இப்ப யோசிச்சா அந்தப் பிழை எதுவும் கண்டமேனிக்கு வந்தது இல்ல. "என்னிடம் சொன்னான்" - அதான் டோல்டு டு மீ. "அவனிடம் கேட்டேன்" - அதான் ஆஸ்க்டு ஃப்ரம் ஹிம். "அதைப் பற்றி விவாதித்தோம்" - அதான் டிஸ்கஸ்டு அபௌட் இட். தமிழ்ல பேருக்குப் பின்னாடி வர்ற உருபை ஒவ்வொண்ணா எடுத்து இங்கிலீஷ்ல முன்னாடி மாட்டியிருக்கேன். டிரெய்னர்கிட்ட கையைத் தூக்கிக் கேட்டேன்: "டோல்டு மீன்னு சொல்லலாம், எக்ஸ்ப்ளெய்ண்டு மீன்னு சொல்லக்கூடாது, ஏன்?" பதில்: "இட்ஸ் லைக் தட் ஒன்லி." :-)

அந்தக் கேள்விக்கும் இப்ப பதில் தெரியும். கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.

முதல்ல பொண்ணோட கேள்வி. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துல உருபியல்னு ஒரு இயலே இருக்கு. ஒரு பேருக்குப் பின்னாடி வேற்றுமை உருபு வந்து ஒட்டும்போது அந்தப் பேர் என்ன ஆகும்னு சொல்ற இயல். அதுல தாம், நாம் ரெண்டும் முதல் எழுத்து குறுகித் தம், நம் ஆகும்; யாம் மட்டும் ய-வை இழந்து, ஆ எ-யா மாறி, எம் ஆகும்னு இருக்கு. அதே போல தான் என்பது தன், யான் என்பது என். நீ என்பது குறுகி, ஒரு ன் சேர்ந்து, நின். பள்ளிக்கூடத்துல இதைப் படிச்ச ஞாபகமே எனக்கு இல்ல. படிச்சிருந்தாலும் பரீட்சையோட மறந்திருப்பேன்.

இந்தப் பட்டியல்ல ஒரு ஆளைக் காணோம், கவனிச்சீங்களா? நான்! தொல்காப்பியத்துல யான் உண்டு, யாம் உண்டு, நாம் உண்டு. நான் கிடையாது. "நான்" பின்னாடி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்த ஆளு. மொழியியல்காரங்க என்ன சொல்றாங்கன்னா, "நாம்"ல இருக்கிற ந-வோட இழுப்புல யான் மெல்ல நான் ஆயிடுச்சு. ஆனா உருபு ஒட்டின வடிவங்கள் இருக்கே - என்னை, எனக்கு, என்னோடு, என்னிடம் - அதுங்க மாறவே இல்ல. அதுங்களுக்குள்ள இன்னும் பழைய யான்தான் குடியிருக்கார். தலைவாசல்ல புதுப் பேர்ப்பலகை மாட்டியாச்சு, அடுக்களையில அதே பழைய பாட்டிதான்.

ஆக, "எ" எங்கேர்ந்தும் வரல. அது இருந்த இடத்துலயே இருந்துச்சு. நாமதான் நானுக்கு மாறிட்டோம்.

நான் என்ற வடிவத்துக்கு இலக்கணத்துல இடம் கொடுத்தது நன்னூல். பவணந்தி முனிவர் தன்மைப் பெயர்கள்ல யானையும் நானையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டார். 13ம் நூற்றாண்டு வாக்குல எழுதின நூல். அதுல பெங்களூர்க்காரங்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருக்கு. அவரை எழுதச் சொன்னது சீயகங்கன், கங்கர் மரபுக்காரன். கங்கர்களோட பழைய தலைநகரம் எது? கோலார். இங்கேர்ந்து ஒண்ணரை மணி நேரம், டிராஃபிக் விட்டா. பள்ளிக்கூடத்துல நம்மைப் பாடாய்ப் படுத்தின நன்னூலுக்குப் பின்னாடி கன்னட மண்ணோட பேர் இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

சரி, இந்த யான்-என் கதை தமிழுக்கு மட்டும் சொந்தமா? இங்கதான் பெங்களூர்ல இருக்கறதோட லாபம். எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல ஒரு காலை நேரத்துல ஏறி இறங்கினா போதும். மலையாளி "ஞான்"ம்பார், ஆனா "எனிக்கு"ம்பார். நம்ம மாதிரியே முன்னாடி ஒண்ணு, உருபு சேர்ந்தா வேற. தெலுங்குக்காரர் "நேனு", "நாக்கு". கன்னடக்காரர் "நானு", "நன்ன", "நனகெ". தெலுங்கும் கன்னடமும் ரெண்டு பக்கமும் ந-வையே போட்டு நேர் பண்ணிடுச்சு.

கன்னடம் எப்பவும் அப்படி இருக்கல. பழைய கன்னடத்துல தன்மைக்கு "ஆன்"னு ஒரு வடிவம். அதுக்கு உருபு சேர்ற வடிவம் "என்". 12ம் நூற்றாண்டு பசவண்ணரோட வசனங்களைக் கன்னடத்துல கேட்டுப் பாருங்க. "எனகெ", "என்ன"ன்னு வந்துக்கிட்டே இருக்கும். (அந்த "என்ன"வுக்கு என்னுடையன்னு அர்த்தம். நான் முதல் தடவை கேட்டப்ப அவர் ஏதோ கேள்வி கேட்கறார்னு நினைச்சேன்!) அப்புறம் வந்த நூற்றாண்டுகள்ல பேச்சு வழக்கு எ-வைக் கழட்டிட்டு, நானு - நனகென்னு ஒரே குடும்பமாக்கிடுச்சு.

இப்ப என் பொண்ணைப் பாருங்க. கீழ விளையாடப் போனா "நனகெ பேட"ம்பா. மேல வந்தா "நானுக்கு வேணாம்". கன்னடம் பல நூறு வருஷம் எடுத்துக்கிட்டு செஞ்ச வேலையை, அவ தமிழ்ல ஒரு தோசை ஆறதுக்குள்ள செஞ்சு முடிச்சுட்டா. அவளுக்கு மொழி தெரியாததால வந்த பிழைன்னு நான் நினைச்சிருந்தேன். கோணலா இருக்கிறதை நேராக்கற வேலை அது.

இந்த நாலு மொழியும் ஒரே குடும்பம்னு எழுத்துல முதல்ல எடுத்துக் காட்டினவர் மதராஸ்ல கலெக்டரா இருந்த எல்லிஸ். 1816ல கேம்ப்பெல் எழுதின தெலுங்கு இலக்கணத்துக்கு அவர் கொடுத்த குறிப்புல அது வந்துச்சு. 1856ல கால்டுவெல் ஒப்பிலக்கணம் போட்டப்ப, நான்-நீ-நாம் போன்ற பெயர்களுக்குன்னே ஒரு பெரிய பகுதி ஒதுக்கினார். மத்த சொற்களைப் பக்கத்து மொழியிலேர்ந்து கடன் வாங்கலாம், நானையும் நீயையும் யாரும் லேசுல கடன் வாங்க மாட்டாங்க. உறவைக் கண்டுபிடிக்க அதை விட நல்ல சாட்சி இல்ல. கால்டுவெல் இருந்த இடையன்குடி எங்க நெல்லைச் சீமைதான், அதுல எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

அவருக்கு முன்னூறு வருஷம் முன்னாடியே இன்னொருத்தர் எங்க பக்கம் வந்து இதோட மல்லுக்கட்டியிருக்கார். முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியப் பாதிரி ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். 1549 வாக்குல தமிழுக்கு ஒரு இலக்கணம் எழுதினார், போர்த்துகீசிய மொழியில. 1578ல கொல்லத்துல அச்சான தம்பிரான் வணக்கம் அவரோடதுதான். லத்தீன் படிச்சவருக்கு "என்னோடு"ங்கிற சொல் ஒண்ணும் புதுசா இருந்திருக்காதுன்னு நினைக்கறேன். ஏன்னா லத்தீன்ல "வித்"துக்குச் சொல் "கும்". அது பொதுவா பேருக்கு முன்னாடிதான் வரும். ஆனா "என்னோடு"ன்னு சொல்லும்போது "மேகும்"! மே முன்னாடி, கும் பின்னாடி. அப்படியே நம்ம என்+ஓடு.

இப்படி உறவைக் காட்டற சொல்லும் ஆளைக் காட்டற சொல்லும் ஒட்டிக்கறது உலகத்துல நிறைய இடத்துல உண்டு. துபாய், குவைத்ல இருக்கிற சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் "மாஃபி, மாஃபி"ன்னு சொல்வாங்களே, அதுல "ஃபீ"ன்னா "-இல்". "ஃபீஹ்"னா "அதில்", பேச்சுல அதுவே "இருக்கு"ன்னு ஆயிடுச்சு. முன்னாடி "மா" போட்டா இல்ல. பாக்கெட்டைத் தட்டி "ஃபுலூஸ் மாஃபி"ங்கற மாமாவுக்கு, தான் ஒரு வேற்றுமை உருபையும் சுட்டுப் பெயரையும் சேர்த்துச் சொல்றோம்னு தெரியவா போகுது.

இப்ப இங்கிலீஷுக்கு வருவோம். ஆயிரம் வருஷம் முன்னாடி இங்கிலீஷும் நம்ம மாதிரிதான் இருந்துச்சு, பேருக்குப் பின்னாடி வால் வச்ச மொழி. ராஜா, கப்பல், கல் எதைச் சொன்னாலும் வேற்றுமைக்கு வேற்றுமை கடைசி எழுத்து மாறும். அப்புறம் வைகிங்குகள் வந்தாங்க, 1066ல நார்மன்காரங்க வந்தாங்க, பேச்சுல வால் தேய்ஞ்சுக்கிட்டே போச்சு. வால் போன வேலையை டு, வித், ஃப்ரம், ஃபார் எல்லாம் எடுத்துக்கிச்சு. ஆனா ஐ, ஹி, ஷி, வீ, தே - இந்தச் சின்னப் பேர்கள் மட்டும் பழைய மாதிரியே மாறிக்கிட்டு இருக்கு. மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். நம்ம எனக்குக்குள்ள யான் இருக்கிற மாதிரியே, அன்றாடம் பேசற சின்னச் சொல்தான் பழசைக் காப்பாத்தி வச்சிருக்கு. நாளைக்கு நூறு தடவை சொல்ற சொல்லை யாரும் மறக்க மாட்டாங்க இல்லையா.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, "ஹிம்" முதல்ல "அவனை" இல்ல, "அவனுக்கு". "அவனை"க்கு "ஹினெ"ன்னு தனியா ஒண்ணு இருந்து, வழக்கொழிஞ்சு போச்சு. அவனுக்கு வந்து அவனையோட நாற்காலியையும் பிடிச்சுக்கிச்சு. அமெரிக்காக்காரன் "டெல் எம்"னு சொல்றப்ப "தெம்"மைச் சுருக்கிச் சொல்றான்னு நினைக்கறோம். அந்த "எம்" பழைய இங்கிலீஷ் "ஹெம்", "அவர்களுக்கு"ன்னு அர்த்தம். "தெம்" ஸ்காண்டிநேவியாவுலேர்ந்து வந்து குடியேறினது. வந்தவன் வீட்டுக்காரன் ஆயிட்டான், வீட்டுக்காரன் கொச்சை ஆயிட்டான்.

அப்ப என் டிரெய்னிங் கேள்விக்கு வர்றேன். "டெல் மீ", "கிவ் மீ"ல இருக்கிற "மீ" பழைய "எனக்கு". அதுக்குள்ளயே "கு" இருக்கு. அதனால "டு" போட்டா ரெண்டு கு ஆயிடும், "எனக்குக்கு" மாதிரி. டெல், கிவ், ஷோ, செண்ட் எல்லாம் பிறந்த வீட்டுச் சொல், அந்தப் பழைய பழக்கம் அதுங்களுக்கு உண்டு. எக்ஸ்ப்ளெய்ன், டிஸ்க்ரைப், டொனேட் எல்லாம் லத்தீன் வழி வந்த மருமகள்கள். பெரும்பாலும் "டு" வேணும்னு கேட்கும். ("சே" மட்டும் பிறந்த வீட்டுப் பொண்ணா இருந்துக்கிட்டே "டு" கேட்கும். எந்த வீட்லதான் ஒரு அடங்காப்பிடாரி இல்ல?) இதை அன்னிக்கு ஒரே நிமிஷத்துல யாராவது சொல்லியிருந்தா எம்.டி.ஐ. பாதி குறைஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. எங்க ஒன்பதாம் வகுப்பு சார் "எனக்குத் தோணுது"ங்கறதை ஒரு பையன் "டு மீ இட் இஸ் சீமிங்"னு சொன்னதுக்காக வருஷம் பூரா அவனைக் கிண்டல் பண்ணினார். "ஐ திங்க்"னு சொல்லணுமாம். ஷேக்ஸ்பியர் நாடகங்கள்ல "மீதிங்ஸ்"னு ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். அதுல மீ எழுவாய் இல்ல, எனக்குதான். திங்க்ஸும் நினைக்கறது இல்ல, தோணறதுன்னு இருந்த இன்னொரு பழைய வினை. அப்படியே எழுத்துக்கு எழுத்து "எனக்குத் தோணுது". அந்தப் பையன் முன்னூறு, நானூறு வருஷம் லேட்டாப் பிறந்துட்டான், அவ்வளவுதான்.

இந்த அழகுல நம்மைக் கிண்டல் பண்ற வெள்ளைக்காரங்க வீட்லயே இதுல குழப்பம். எனக்கு டிரெய்னிங் கொடுத்த அதே மாசம், கிளையன்ட் பக்கத்துப் பெரிய மேனேஜர் ஒருத்தர் கால்ல ரகசியம் சொல்ற குரல்ல ஆரம்பிச்சார்: "பிட்வீன் யூ அண்ட் ஐ..." பிட்வீனுக்கு அப்புறம் மீதான் வரணும்னு எங்க எல்லாருக்கும் தெரியும், ரென் அண்ட் மார்ட்டின் மனப்பாடம் பண்ணினவங்க. யாரும் மியூட் பட்டனைத் தொடலை.

அதுவும் புதுசு இல்ல. வெனிஸ் வணிகன் நாடகத்துல அன்டோனியோ நண்பனுக்கு எழுதற கடிதத்துலயே அதே பிரயோகம் இருக்கு. 1762ல ராபர்ட் லௌத் பாதிரியார் இலக்கணம் போட்டப்ப பெரிய பெரிய எழுத்தாளர்களோட இந்த மாதிரிச் சறுக்கலை எல்லாம் அடிக்குறிப்புல பிடிச்சுப் போட்டார். அதுக்கப்புறம் பள்ளிக்கூடங்கள்ல பயமுறுத்தல் ஆரம்பிச்சுது. "மீ அண்ட் ஜான் வெண்ட்"னு சொன்னா அடி. அடி வாங்கின குழந்தை, மீன்னாலே தப்பு, ஐதான் மரியாதைன்னு முடிவு பண்ணிடுது. அப்புறம் பிட்வீனுக்குப் பின்னாடியும் ஐ. திருத்தித் திருத்தியே உண்டாக்கின பிழை.

இந்தியாவுல அந்தப் பயமுறுத்தலோட பைபிள் ரென் அண்ட் மார்ட்டின். 1930கள்ல வந்த புத்தகம், இன்னும் விக்குது. அதுல ரென், "போ ஜெஸ்ட்"னு 1924ல சாகச நாவல் எழுதின அதே பி.சி.ரென். பாலைவனத்துல ஃபிரெஞ்சுப் பட்டாளம் சண்டை போடற கதை எழுதின கை, நமக்கு "ஃபில் இன் த பிளாங்க்ஸ் வித் சூட்டபிள் பிரிபொசிஷன்ஸ்" கொடுத்திருக்கு. அதை விட மோசமான கிண்டலும் நம்ம மேல உண்டு. 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில "பட்லர் இங்கிலீஷ்"னு ஒரு பதிவு: மதராஸ் ராஜதானி வேலைக்காரங்க பேசற உடைஞ்ச இங்கிலீஷ்னு. 1809ல உருவான பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்குப் பட்டாளத்தோட கூடவே வந்த நம்ம ஜனங்களும் அதைத்தான் பேசியிருப்பாங்க. சமையல்காரர், குதிரைக்காரர், ஆயா - யாருக்கும் யாரும் இலக்கணம் சொல்லித் தரல. காதுல விழுந்ததை வச்சு வேலையை முடிச்சாங்க. எம்.டி.ஐ.ன்னு போர்டுல எழுதினப்ப எனக்குள்ள சுருங்கின ஏதோ ஒண்ணு அங்கேர்ந்தே வர்றதுன்னு நினைக்கறேன்.

இலக்கணத்தைச் சொல்லித் தராம மொழியைச் சொல்லித் தர முடியுமா? அதை நிஜமாவே செஞ்சு பார்த்த ஊர் இந்த ஊர்தான். 1963ல தென் மாநில ஆசிரியர்களுக்காக இங்க வட்டார ஆங்கில நிறுவனம் ஆரம்பிச்சாங்க. அப்பல்லாம் "ஸ்ட்ரக்சுரல்" முறை: புத்தகம் மேஜை மேல, மேஜைக்குக் கீழ, மேஜைக்குப் பக்கத்துல, வருஷம் முழுக்க அதே மேஜை. 1979ல மதராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்த என்.எஸ்.பிரபு ஒரு சோதனையைத் தொடங்கினார். 1984 வரைக்கும் தென்னிந்தியப் பள்ளிகள் சிலதுல நடந்துச்சு. உலகம் பூரா அதுக்கு "பெங்களூர் ப்ராஜெக்ட்"னு பேர். வகுப்புல இலக்கண விதியே கிடையாது. ஒரு ரயில் அட்டவணை, ஒரு வரைபடம், ஒரு கணக்கு கொடுத்து விடை கண்டுபிடிக்கச் சொல்றது. மனசு விடையில இருக்கும்போது மொழி தானா உள்ள இறங்கும்ங்கறது அவர் வாதம். 1985ல வெளியிலேர்ந்து ரெண்டு பேர் மதிப்பீடு பண்ணி, ஓரளவு சாதகமாவே சொன்னாங்க. முழு வெற்றின்னு யாரும் சொல்லல. 1987ல பிரபு அதைப் புத்தகமா எழுதினார். இன்னிக்கு மொழி ஆசிரியர் பயிற்சியில உலகம் முழுக்க அதைப் படிக்கறாங்க. கோரமங்களாவுல பத்துப் பேர்கிட்ட கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் தெரியல.

எங்க வீட்ல அந்தச் சோதனை வேற மாதிரி நடந்துச்சு. அடுத்த கோடை லீவுக்கு பொண்ணை அம்பாசமுத்திரத்துல விட்டோம். ஆச்சி அவளுக்கு எனக்கு-உனக்கு எதுவும் சொல்லித் தரல. ஒரு பல்லாங்குழியை எடுத்துப் போட்டாங்க, டப்பாவுல புளியங்கொட்டை. குழியில நாலு சேர்ந்தா பசு, அது அந்தப் பக்கத்துக்காரருக்கு. "அது எனக்கு!" "இல்லட்டி, அது எனக்கு, என் பக்கத்துக் குழில்லா?" "ஆச்சி, உங்கிட்ட நெறய இருக்கு, எங்கிட்ட ஒண்ணும் இல்ல." பத்து நாள்ல நானுக்கு காணாமப் போச்சு. யார் திருத்தினாங்கன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல. "அவ என்னை ஏமாத்துதா"ன்னு ஆச்சி ஃபோன்ல புகார் பண்ணினப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

ஆனா எனக்குவை விட அவளுக்குக் கஷ்டமா இருந்தது வேற ஒண்ணு. இங்கிலீஷ் "வித் அஸ்". தமிழ்ல அதைச் சொல்லணும்னா முதல்ல ஒரு முடிவு எடுக்கணும்: எதிர்ல நிக்கறவர் அதுல சேர்த்தியா, இல்லையா? சேர்த்தின்னா நம்மோடு. இல்லைன்னா எங்களோடு. தமிழ் பைபிள் மொழிபெயர்த்தவங்களே இதுல தேர்ந்தெடுக்க வேண்டியிருந்துச்சு. கடவுள்கிட்ட வேண்டும்போது "எங்கள்" பிதா. பக்கத்துல இருக்கிற மனுஷங்ககிட்ட இம்மானுவேலுக்கு அர்த்தம் சொல்லும்போது "நம்மோடு". இங்கிலீஷ்ல இந்தத் தொல்லையே கிடையாது. இந்தக் காலக் கன்னடத்துலயும் கிடையாது. நாவு, நம்ம, நமகெ, எல்லாத்துக்கும் அதுவே.

2011ல "நம்ம மெட்ரோ" ஓட ஆரம்பிச்சப்ப, ஒரு தமிழ்க் காதுக்கு அது எவ்வளவு இதமா இருந்துச்சு தெரியுமா? நம்மளையும் சேர்த்துச் சொல்றாங்கன்னு. கன்னட நம்ம அப்படிப் பிரிச்சுச் சொல்றதில்ல, அது எங்களும்தான், நம்மளும்தான். எந்த அர்த்தத்துல சொல்றாங்கன்னு சொல்லை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது, காலத்தை வச்சுத்தான். 1991 டிசம்பர்ல காவிரி கலவரம் நடந்தப்ப இங்க இருந்த பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு அது எந்த நம்மன்னு தெரிஞ்சிருக்கும். அல்சூர் ஏரிக்கரையில அதே 1991ல வச்ச திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்துச்சு. 2009 ஆகஸ்ட்ல இங்க வள்ளுவரைத் திறந்தாங்க, அதே மாசம் சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞரைத் திறந்தாங்க. 2016 செப்டம்பர்ல திரும்பவும் பஸ் எரிஞ்சப்ப, எங்க மாடியில இருக்கிற கன்னடக்காரர் வந்து எங்க காரோட டி.என். நம்பர் பிளேட் மேல ஒரு துணியைப் போட்டு மூடிட்டு, என் பொண்ணுகிட்ட "நம் ஜொதெ இரு"ன்னார். எங்க கூட இருன்னு நான் அதைத் தமிழ்ல புரிஞ்சுக்கல. அவளும்தான்.

பொண்ணுக்கு இப்ப மீசை வரைஞ்சு நாடகம் போடற வயசெல்லாம் தாண்டியாச்சு. வாட்ஸ்அப்ல தமிழ்லயே டைப் பண்றா. போன மாசம் ஆச்சிக்கு ஒரு மெசேஜ் அனுப்பிட்டு என்கிட்ட காட்டினா. "ஆச்சி, எனக்கு லீவு விட்டாச்சு. நீ எங்க வீட்டுக்கு வந்து எங்களோட இரு." ஒரு பிழை இல்ல. எனக்கு, எங்க, எங்களோட - எல்லாம் அதது இடத்துல. தொல்காப்பியரே டிக் போட்டிருப்பார்.

ரெண்டு நிமிஷத்துல ஆச்சிகிட்டேர்ந்து வாய்ஸ் மெசேஜ்.

"அது என்னட்டி எங்க வீடு? நம்ம வீடுன்னு சொல்லு, வாரேன்."